வியாழக்கிழமைக் கைது

நொச்சிமேட்டுக்கு வந்துகொண்டிருந்த பதினேழாம் நம்பர் டவுன் பஸ் என்றைக்கு நின்றது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஊரடங்கில் நின்றது. ஊரடங்கு முடிந்தும் வரவில்லை. கேட்டதற்கு முதலில் டயர் இல்லை என்றார்கள். அப்புறம் டிரைவர் இல்லை என்றார்கள். அதன் பிறகு கேட்கப் போவதற்குப் பஸ் இல்லாததால் யாரும் போய்க் கேட்கவில்லை.

ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில், கள்ளக்குறிச்சி ரோட்டில் உள்ள கைகாட்டி நிறுத்தத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் கைகாட்டியைத் தாண்டி வரமாட்டார்கள். இந்த நிலையில்தான் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்ற அறிவிப்பு வந்தது. நொச்சிமேட்டுப் பெண்களுக்கும் சந்தோஷம்தான். பஸ் இல்லாவிட்டாலும் கட்டணமும் இல்லை அல்லவா.

தைலம்மாளுக்குப் பஸ் தேவைப்பட்டது புருஷனின் காலுக்காக. கொளஞ்சியப்பனுக்குச் சர்க்கரை. மரவள்ளி பிடுங்கும்போது மண்வெட்டி பட்டு வலது பாதத்தில் விழுந்த காயம் ஆறவே இல்லை. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை கட்டு மாற்றச் சொல்லியிருந்தார்கள். புண்ணான காலோடு ஆறு கிலோமீட்டர் நடந்து போய்க் கட்டு மாற்றினால், அந்தக் கட்டு திரும்பி நடந்து வருவதற்குள் அவிழ்ந்துவிடும். இரண்டு முறை போனார். மூன்றாவது முறை, "வுடு, தானா ஆறும்" என்று படுத்துக்கொண்டார்.

தைலம்மாள் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாள். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்பர் அலிதான் மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தார். பத்தாவது நாள் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. படிக்கச் சொல்லி அவரிடமே கொண்டுபோனாள்.

"தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று அக்பர் அலி படித்தார்.

"முடிஞ்சிடுச்சா பாய்? பஸ்ஸு எப்ப வருதாம்?"

"மனுதாம்மா முடிஞ்சிது. பஸ்ஸு முடியல."

"இப்ப இன்னா பண்றது?"

அக்பர் அலி இருபது வருஷமாக அந்த வாசலில் கடை வைத்திருப்பவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "மனு குடுத்தா அவங்க உக்காந்து படிப்பாங்க. ரோட்ல உக்காந்தீங்கன்னா எழுந்து வருவாங்க. மறியல் பண்ணுங்கம்மா. அதுக்கும் ஒரு மனு இருக்கு, போட்டுத் தரவா?"

மறியல் செய்ய அனுமதி கேட்கும் அந்த மனுவோடு தைலம்மாள் காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் தமிழழகன் கெட்ட மனிதர் அல்ல. நாற்காலி போடச் சொல்லி, டீ வாங்கிவரச் சொல்லி, நான்கு பக்கப் படிவம் ஒன்றை எடுத்து விரித்தார்.

"எத்தினி பேரும்மா?"

"ஊருல ஒரு நாப்பது பேரு வருவாங்க சார்."

"கோஷம் இன்னா?"

"பஸ்ஸு வேணும்."

"அது கோரிக்கை. கோஷத்துக்குத் தனிக் கட்டம். சரி, 'வேண்டும் வேண்டும் பேருந்து வேண்டும்'னு நானே எழுதிக்கிறேன். எத்தினி மணிக்குக் கைதாவீங்க?"

தைலம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "கைதா? நாங்க இன்னா சார் பண்ணோம்?"

"பயப்படாதம்மா. மறியல்னா கைது உண்டு. கைது பண்ணாம வுட்டா, ரெக்கார்டுல மறியல் நடந்துகினே இருக்கிற மாதிரி ஆயிடும். நான்தான் பதில் சொல்லணும். பத்து மணிக்கு உக்காருங்க, பதினொண்ணுக்குக் கைது, கள்ளக்குறிச்சியில கல்யாண மண்டபம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை." அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "எடம்தான் முக்கியம். மறியலால போக்குவரத்துக்கு எந்த இடைஞ்சலும் இருக்கக் கூடாது."

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் அவருடைய விரல் கள்ளக்குறிச்சியில் தொடங்கி, கைகாட்டியில் திரும்பி, மலையடிவாரத்தில் போய் நின்றது.

"இந்த ரோடு நல்லா இருக்கு. வண்டியே வராது."

"அது எங்க ஊரு ரோடு சார். பஸ்ஸு வராததாலதான் மறியலே."

"அதனாலதாம்மா சொல்றேன்" என்று இன்ஸ்பெக்டர் பரிவோடு முத்திரை குத்தினார்.

அந்த வியாழக்கிழமை நாற்பத்து மூன்று பேர் நொச்சிமேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கொளஞ்சியப்பனைக் கட்டிலோடு தூக்கிவந்து நடுரோட்டில் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கம் வந்த வண்டி ஒன்றே ஒன்று, பால்காரரின் மொபெட். அவர் கோஷத்தை மரியாதையாக நின்று கேட்டுவிட்டு மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு ஆடுகள் வந்தன. ஆடுகள் சுற்றிக்கொண்டு போகவில்லை. கொளஞ்சியப்பனுக்குக் கோஷம் வரவில்லை. எல்லாரும் 'வேண்டும் வேண்டும்' என்று கத்தும்போது அவர் ஒரு வார்த்தை பிந்தி, 'போதும் போதும்' என்றார்.

சரியாகப் பதினொரு மணிக்குத் திருப்பத்தில் ஒரு பஸ் தெரிந்தது. அரசாங்க டவுன் பஸ். நெற்றியில் 'காவல் பணி' என்று அட்டை ஒட்டியிருந்தது. ஆனால் அட்டையை யார் படித்தார்கள்?

"யேய், பஸ்ஸு வந்துடுச்சி!" என்று பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் அலறினாள்.

கைது செய்ய வந்த போலீஸ்காரர்களுக்கு அப்படி ஓர் அனுபவம் முன்பு வாய்த்ததில்லை. வழக்கமாக நான்கு பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும். இங்கே அவர்கள் இறங்குவதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. செல்லியம்மாள் வெளியிலிருந்தே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு சீட் பிடித்தாள். ஓர் ஏட்டு மட்டும் படிக்கட்டில் நின்றுகொண்டு, "தள்ளாதீங்கம்மா, எல்லாரையும் கைது பண்ணுவோம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கள்ளக்குறிச்சி மண்டபத்தில் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டார்கள். மின்விசிறி இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தைலம்மாள் இன்ஸ்பெக்டரிடம் போய்த் தயங்கித் தயங்கி, புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

"கைதானவங்க தனியா போவக் கூடாதும்மா" என்று சொன்ன தமிழழகன், கொளஞ்சியப்பனின் காலைப் பார்த்ததும் குரலை இறக்கி ஏட்டைக் கூப்பிட்டார். "நீங்க கூடப் போய்ட்டு வாங்க."

போலீஸோடு வந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் வரிசை கிடையாது. ஐம்பது பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாண்டிக் கொளஞ்சியப்பனை நேராக உள்ளே அழைத்துப் போனார்கள். கட்டைப் பிரித்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இத்தினி நாளா எங்க போனீங்க? இன்னும் ரெண்டு வாரம் வுட்டிருந்தா விரல எடுக்க வேண்டி வந்திருக்கும். இனிமே வாராவாரம் வரணும். வருவீங்களா?"

கொளஞ்சியப்பன் மனைவியைப் பார்த்தார். தைலம்மாள் ஏட்டைப் பார்த்தாள். ஏட்டு எதற்கும் இருக்கட்டும் என்று மேற்கூரையைப் பார்த்தார்.

"வருவோங்க" என்றாள் தைலம்மாள். "வியாழக்கிழமை வியாழக்கிழமை கைதாயிடுவோம்."

மாலை ஆறு மணிக்கு விடுதலை என்றதும் ஒரு சிக்கல் எழுந்தது. கைதானவர்கள் மண்டபத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. திரும்பிப் போகப் பஸ் எங்கே? எடுத்த இடத்தில் கொண்டுபோய் விடுங்கள் என்றார்கள். விடுதலையானவர்களை வீட்டில் கொண்டுபோய் விடச் சட்டத்தில் இடமில்லை என்று தமிழழகன் விளக்கினார். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, பதிவேட்டில் எழுதாமல், போலீஸ் வேனில் மூன்று நடையாக அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு வியாழக்கிழமை என்றால் நொச்சிமேட்டில் கல்யாணக் களைதான். பேங்க் வேலை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பட்டா நகல், கண் ஆபரேஷன் எல்லாம் வியாழக்கிழமைக்கு ஒதுக்கி வைக்கப்பட்டன. ஒன்பதாவது வாரம் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து, பொண்ணுக்கு நிச்சயப் புடவை எடுக்க வேண்டும், எங்களையும் ஒரே ஒரு வாரம் கைது பண்ணுவார்களா என்று தைலம்மாளிடம் விசாரித்தார்கள். ஏட்டு இப்போதெல்லாம் கைது செய்வதற்கு முன்பு, "எல்லாரும் ஆதார் கார்டு எடுத்துக்கினீங்களா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

பத்தாவது வாரம் எம்.எல்.ஏ. இளமாறன் மண்டபத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை நனைய நனைய ஒவ்வொருவரையும் கும்பிட்டார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எனதருமைத் தாய்மார்களே! உங்கள் ஊரின் துன்பம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும். தெரிந்த காரணத்தால்தான் நான்கு ஆண்டுகளாக அந்தப் பக்கம் வரவில்லை. அந்தத் துன்பத்தைப் பார்க்கும் வல்லமை என் நெஞ்சுக்கு இல்லை! நானும் ஒரு காலத்தில் இதே கோரிக்கைக்காகச் சாலையில் உட்கார்ந்தவன்தான். அன்று நான் உட்கார்ந்ததால்தான் இன்று இந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்காமலேயே நான் பேருந்து விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் போராடும் உரிமையைப் பறித்த பாவம் என்னைச் சேர்ந்திருக்கும். மக்கள் கேட்க வேண்டும், நாங்கள் செவி சாய்க்க வேண்டும், அதற்குப் பெயர்தான் ஜனநாயகம். என் செவியைப் பாருங்கள், பத்து வாரமாகச் சாய்த்தே வைத்திருக்கிறேன்!"

கைதானவர்கள் கைதட்டினார்கள். தைலம்மாள் எழுந்து நின்றாள்.

"பஸ்ஸு எப்பங்க வரும்?"

"அருமையான கேள்வி" என்றார் எம்.எல்.ஏ. "இந்தக் கேள்வியை நீங்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்."

அவர் சும்மா போய்விடவில்லை. அங்கிருந்தே போன் போட்டார். அதன் விளைவாகப் போக்குவரத்து அதிகாரி ஒருவர் நொச்சிமேட்டில் எத்தனை பயணிகள் தேறுவார்கள் என்று கணக்கெடுக்க நேரில் வந்தார். அவருக்கு ஜீப் கிடைத்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலை பதினொன்றரை மணிக்கு அவர் வந்து இறங்கியபோது ஊர் பூட்டிக் கிடந்தது. நடமாடிய ஒரே ஆள் எழுபத்தெட்டு வயது லட்சுமியம்மாள். மூட்டுவலி காரணமாக அவரை மட்டும் அந்த வாரம் கைதிலிருந்து விலக்கியிருந்தார்கள்.

"இந்த ஊர்ல இருந்து தினம் யாராவது டவுனுக்குப் போறாங்களா பாட்டி?"

"எல்லாரும் போயிட்டாங்களே" என்றார் லட்சுமியம்மாள்.

அதிகாரி தன் அறிக்கையில் இப்படி எழுதினார்: 'மேற்படி கிராம மக்கள் அனைவரும் ஏற்கெனவே வெளியேறிவிட்டதாக உள்ளூர்வாசி ஒருவர் தெரிவித்தார். பயணிகள் இல்லை. பேருந்து தேவையில்லை.'

இந்த அறிக்கையின் நகல் வந்தபோது அதிகம் கலங்கியவர் தமிழழகன்தான். அவருடைய மேலதிகாரி அதற்கு முந்தின நாள்தான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். "மாவட்டத்துலயே உங்க சரகத்துலதான் மறியல் ஜாஸ்தி. பதிமூணு வாரத்துல பதிமூணு. அந்த ஊருல அப்படி இன்னாய்யா புரட்சி நடக்குது?"

"சர்க்கரைப் புண்ணு சார்" என்று தமிழழகன் உண்மையைச் சொன்னார். அது அவருக்கு நன்மை தரவில்லை.

ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். பதிமூன்று வாரக் கைதுப் பதிவேட்டை அக்பர் அலி கடையில் நகலெடுத்து, போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனார். பெயர், வயது, ஏற்றிய இடம், இறக்கிய இடம் எல்லாம் அதில் இருந்தன. அந்த அதிகாரி மனிதர்கள் சொல்வதை நம்பமாட்டார். பதிவேட்டை நம்புவார். அதைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, "இவ்ளோ பேரு டவுனுக்குப் போய்க்கினு இருக்காங்களா! இத மொதல்லயே காட்டியிருக்கலாமே சார்" என்றார்.

பதினைந்தாவது வாரம் உத்தரவு வந்தது. ஆவணங்களின்படி நொச்சிமேட்டிலிருந்து வியாழக்கிழமைகளில் மட்டும் நாற்பத்து மூன்று பேர் பயணம் செய்வதால், வியாழக்கிழமைகளில் மட்டும் காலை பதினொரு மணிக்கு ஒரு பேருந்து இயக்கப்படும்.

"ஒரு நாளா?" என்றார் கொளஞ்சியப்பன்.

"கைதாவாமப் போறமே, அதுவே பெரிசு" என்றாள் தைலம்மாள்.

தொடக்க விழாவில் வாழைமரம் கட்டினார்கள். எம்.எல்.ஏ. கொடியசைத்தார். இந்தப் பேருந்து தன்னுடைய பதினைந்து வாரப் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்றார். அன்று யாருக்கும் சீட்டுக் கிழிக்கவில்லை. எல்லாரும் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில், இந்த முறை போலீஸ் இல்லாததால், கொளஞ்சியப்பன் இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா மூடிக்கினு வருது. இதே மாதிரி வுடாம வாங்க."

வெளியே வந்ததும் தைலம்மாள் சுவர் ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தே, அழுவுறியா?" என்று கேட்ட கொளஞ்சியப்பனுக்கும் மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அவர் சர்க்கரை இல்லாமல் குடித்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நாற்பத்து மூன்று பேரும் கூடினார்கள். பஸ் இல்லை. டைம்கீப்பர் உத்தரவை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நொச்சிமேட்டுல இருந்து கள்ளக்குறிச்சின்னுதான் போட்டிருக்கு. திரும்பறதுக்கு ஒண்ணும் போடலியே."

"வந்தவங்க திரும்பிப் போவ வேணாமா?"

"ரெக்கார்டுபடி நீங்க யாரும் இதுவரைக்கும் திரும்பிப் போனதே இல்லம்மா."

வாராவாரம் ஓடிய வேன் நடைகளைத் தமிழழகன் எழுதவில்லை அல்லவா. நல்ல மனசோடு செய்ததெல்லாம் பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

தைலம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கட்டுப்போட்ட காலோடு கொளஞ்சியப்பன் ஒரு சிமெண்ட் மேடையில் சாய்ந்திருந்தார். மணி ஐந்தரை. கைகாட்டி வரைக்கும் ஏதாவது வண்டியில் போய்விடலாம். அதற்கு மேல் ஆறு கிலோமீட்டர்.

"எழுந்திருங்க" என்றாள். "வாங்கடி எல்லாரும்."

நேராக நான்குமுனைச் சந்திப்புக்கு நடந்து, நடுவில் போய் உட்கார்ந்தாள். இந்த முறை படிவம் இல்லை, கோஷம் இல்லை. செல்லியம்மாள் வாங்கிய கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடத்தில் நான்கு ரோட்டிலும் வண்டிகள் நின்றன. கரும்பு ஏற்றிய டிராக்டர், பள்ளிக்கூட வேன், லாரி, சேலத்து பஸ், கார்கள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கொளஞ்சியப்பன் வாயைப் பிளந்து சுற்றிலும் பார்த்தார்.

"எம்மாம் வண்டி! நம்ம ரோட்ல ஒரு பால்காரரத் தவிர ஒரு ஈ காக்கா வரலியே."

"நாலு மாசமா நம்ம வூட்டு வாசல்ல உக்காந்துகினு நம்மளையே மறிச்சிகினு இருந்தோம்" என்றாள் தைலம்மாள்.

அந்த நேரத்தில் தமிழழகன் மேலதிகாரியின் கூட்டத்தில் இருந்தார். இந்த வாரம் அவருடைய சரகத்தில் ஒரு மறியல்கூட இல்லை என்பதற்காக அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வயர்லெஸ்ஸில் 'நொச்சிமேடு' என்ற சொல் கேட்டது. சான்றிதழைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது! இது டவுனும்மா. இங்கெல்லாம் உக்காரக் கூடாது."

"கைது பண்ணுங்க சார்" என்றாள் தைலம்மாள் அமைதியாக. "ஆனா எங்க ஊரு பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் அடைங்க."

தமிழழகன் அதை உண்மையிலேயே யோசித்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வரிசையில் ஏழாவதாகச் சிக்கியிருந்த காரிலிருந்து இறங்கி எம்.எல்.ஏ. நடந்து வந்துகொண்டிருந்தார். ரோட்டில் மக்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் பழைய பழக்கத்தில் அவரும் சட்டென்று உட்கார்ந்து, "போராடுவோம், போராடுவோம்!" என்று கையை உயர்த்தினார்.

"யார எதுத்துங்க?" என்று செல்லியம்மாள் கேட்டாள்.

உயர்ந்த கை அங்கேயே நின்றது. எம்.எல்.ஏ. சுற்றிலும் பார்த்தார். நான்கு ரோட்டு ஜன்னல்களிலிருந்தும் வாக்காளர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன.

அதன் பிறகு எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. போக்குவரத்து அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். தினமும் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, போகவும் வரவும், இன்று முதல் என்று எம்.எல்.ஏ.வின் கார் மீதே வைத்து உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெரிசலில் நின்றிருந்த காலி டவுன் பஸ் ஒன்றைப் பிடித்து, அதன் அட்டையைத் திருப்பிச் சாக்பீஸால் 'நொச்சிமேடு' என்று எழுதினார்கள். உத்தரவைத் தைலம்மாள் வாங்கினாள். படிக்கத் தெரியாவிட்டாலும், பின்பக்கம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

எம்.எல்.ஏ. யாரோ கொடுத்த ஒலிபெருக்கியில் மக்கள் சக்தியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது பஸ் நகர்ந்தது. தமிழழகன் ஓடிவந்து படிக்கட்டில் தொற்றிக்கொண்டு, "கைதுன்னு எழுதிக்கட்டுமா, கலைஞ்சி போனாங்கன்னு எழுதட்டுமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஒங்களுக்கு எது சௌகரியமோ எழுதிக்கங்க சார்" என்றாள் தைலம்மாள்.

அவர் சிரித்துவிட்டார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.

நடத்துனர் பெண்களுக்கெல்லாம் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கொளஞ்சியப்பனிடம் வந்து நின்றார். குழப்பமாக அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பாசஞ்சரா? இல்ல, கைதானவரா?"

கொளஞ்சியப்பன் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"வூட்டுக்குப் போறவரு" என்றாள் தைலம்மாள். "டிக்கெட்டு குடு."

நடத்துனர் மெஷினில் தட்டினார். மறுபடி தட்டினார். "நொச்சிமேடுன்னு ஊரே இதுல ஏத்தலீங்களே. கைகாட்டி வரைக்கும் அடிக்கட்டுமா?"

"அடி" என்றாள் தைலம்மாள், உத்தரவை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே. "மிச்ச தூரத்த நாங்க பாத்துக்கிறோம்."